கிளினிக் கொப்பியில் இருக்கும் சொற்கள்



சென்ற மாதம் முல்லைத்தீவு மாவட்டக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரம். ஒரு சகோதரி படலையடியில் என்னை மறித்தார். வயது முப்பத்துநான்கு. மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். கையில் கிளினிக் கொப்பி.

"மிஸ், இதில என்ன எழுதிக் கிடக்குது எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. இரத்தம் காணாது எண்டு சொல்லிச்சினம். அது எனக்குத் தெரிஞ்ச கதைதானே. 2009 இல மாத்தளன் பக்கம் ஷெல் துண்டு தொடையில பட்டு எவ்வளவு இரத்தம் போனது. போனது போனதுதான், அது பிறகு வரேல்லை."

கொப்பியில் எச்பி 8.2 என்று எழுதியிருந்தது. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் கிடக்கிறதாம். "போன இரத்தத்தைக் குளிசை கொண்டு வருமோ மிஸ்? பெரியாஸ்பத்திரியில ஏத்தினால்தான் சரிவரும்" என்றார்.

அன்று வீடு வரும்வரை எனக்கு அந்த ஒரு சொல்தான் மனதில் நின்றது. காணாது. எங்கள் பேச்சில் காணாது என்றால் போதாது என்று பொருள். அந்தச் சகோதரி அதை அளவு போதாது என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருடங்களாகத் தன் உடம்பில் இரத்தம் குறைவாகவே ஓடுகிறது என்றும், அதற்குக் காரணம் அந்தக் காயம் என்றும், அதற்கு மாற்று இல்லை என்றும் முடிவு கட்டி வைத்திருக்கிறார். சொன்னவர் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார், கேட்டவர் வேறொன்றைக் கேட்டிருக்கிறார். ஆகவே இம்முறை எமது பக்கத்தில் இப்படியான சொற்களைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். நான் சமூகவியல் படித்தவள், போசணை படித்தவள் அல்ல. இங்கே எழுதுவது குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டு, வாசித்து, உங்கள் அடுப்படிகளில் இருந்து கற்றுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சமநிலை உணவு என்று ஒரு பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதில் அப்பிள், முந்திரிகை, பாற்கட்டி எல்லாம் வண்ணவண்ணமாக இருக்கும். ஒரு வயதான அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில எங்கட கடையில இருக்கிறது எது?" என்று கேட்டார். அதன்பிறகு அந்தப் படத்தை நான் விரித்ததில்லை.

இனி அந்த இரத்தக் கதைக்கு வருவோம்.

காயம் பட்டு இரத்தம் போனால் உடல் அதை ஈடுசெய்துகொள்ளும். இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே சரியாகிவிடும். செங்குழியங்கள் உருவாகச் சில வாரங்கள் எடுக்கும். ஒரு செங்குழியம் உடலில் உயிரோடிருப்பது ஏறத்தாழ 120 நாட்கள்தான். அதற்குப் பிறகு அது அழிந்து புதியது வரும். எனவே 2009இல் ஓடிய இரத்தத்தில் ஒரு துளியும் இன்று எங்கள் எவர் உடலிலும் இல்லை. இன்று ஓடுவது இந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் உடல் செய்த இரத்தம். அதை எதைக்கொண்டு செய்தது என்பதுதான் கேள்வி.

குருதிச்சோகை என்பது இரத்தத்தின் அளவு குறைவது அல்ல. இரத்தத்துக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்து, நுரையீரலில் இருந்து ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் என்ற பொருள் குறைவது. அதைத்தான் கொப்பியில் எச்பி என்று எழுதுகிறார்கள். கர்ப்பிணித் தாய்க்குப் பொதுவாக அது 11க்குக் குறையக் கூடாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12. இந்த எண் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு. கணக்கை மறந்தாலும் பரவாயில்லை, 11, 12 என்ற இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்திருங்கள். கொப்பியை வாங்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஈமோகுளோபினைச் செய்ய இரும்பு வேண்டும், புரதம் வேண்டும், போலிக் அமிலம் வேண்டும், விற்றமின் பி12 வேண்டும். இவற்றில் எங்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் குறைவது இரும்பு. மாதந்தோறும் போகும் இரத்தம், அடுத்தடுத்து வந்த பிள்ளைப்பேறுகள், வயிற்றில் கொழுக்கிப்புழு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசியில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கம், எல்லாம் சேர்ந்து இரும்பைக் கரைக்கின்றன. எல்லாக் குருதிச்சோகையும் இரும்பால் வருவதில்லை. தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் வரும். ஆகவே மாத்திரை எடுத்தும் எண் ஏறாவிட்டால் மேலதிகப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அறிகுறிகள் உங்களுக்குப் புதியவை அல்ல. களைப்பு. கிணற்றில் இரண்டு வாளி அள்ளினால் மூச்சிளைப்பு. எழும்பும்போது தலைச்சுற்று. நெஞ்சு படபடப்பு. சிலருக்குப் பச்சையரிசி, சோக்கட்டி, மண் என்று தின்னும் ஆசை வரும். அதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுவும் இரும்புக் குறைவின் அடையாளங்களில் ஒன்று.

இந்த இடத்தில் என்னைப் போன்றவர்களின் தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கணவரை இழந்த ஒரு சகோதரி, அல்லது காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய், "ஒண்டும் செய்ய ஏலாமல் கிடக்கு, படுத்தே கிடக்கலாம் போல இருக்கு" என்று சொன்னால், நாங்கள் உடனே மனப்பாதிப்பு என்று எழுதிவிடுகிறோம். அந்தத் தாயும் அப்படியே நம்பிவிடுகிறார். கவலை இருக்கிறதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதே உடம்பில் எச்பி 7 ஆகவும் இருக்கலாம். கவலைக்கு மாத்திரை இல்லாமல் இருக்கலாம், அந்த ஏழுக்கு இருக்கிறது. இரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் எந்தக் களைப்பையும் மனக்கவலை என்று ஒதுக்காதீர்கள். கர்ப்பிணியாக இருந்தால் இது இன்னும் அவசரம். பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் இரத்தம் போகும். எச்பி 11 உள்ள தாய் தாங்கிக்கொள்ளும் அந்த இழப்பை 7 உள்ள தாயால் தாங்க முடியாமல் போகலாம். பிள்ளையும் நிறை குறைந்து, அதாவது 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கலாம்.

சரி, இரும்பு எதில் இருக்கிறது? இங்கே ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, கௌபி, குரக்கன் ஆகியவற்றில் உள்ள இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கும். அப்படியானால் கீரையால் பயனில்லையா? இருக்கிறது, கூட ஒரு துணை வேண்டும். அந்தத் துணைதான் விற்றமின் சீ. தேசிக்காய், நெல்லி, கொய்யா. கீரை வறையை அடுப்பால் இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழிந்துவிடுவது எங்கள் அம்மம்மாமார் செய்ததுதான். அதே பாத்தியில் ஒரு துண்டு நெத்தலிக் கருவாட்டையும் போட்டால், அது தன் இரும்பைத் தருவதோடு கீரையின் இரும்பையும் உடல் எடுக்க உதவும். தேசிப்புளியைக் கொதிக்கவிடாதீர்கள், விற்றமின் சீ சூட்டில் அழிந்துவிடும்.

துணை இருப்பதுபோல ஒரு பகையும் இருக்கிறது. எங்கள் பிளேன்ரீ. தேயிலையில் உள்ள ஒரு பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குள் விடாது. கோப்பியும் அப்படித்தான். சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடிப்பது எங்கள் பழக்கம். அதுமட்டுமா, தேத்தண்ணியோடு மாத்திரையை விழுங்கும் பலரைக் கண்டிருக்கிறேன். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதையே விட்டுவிடுவீர்கள், நானும் விடமாட்டேன். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமாவது முன்போ பின்போ தள்ளிக் குடியுங்கள், போதும்.

மாத்திரை பற்றி மேலும் இரண்டு விடயம். கல்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்று மற்றதைத் தடுக்கும். ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலும் எடுக்கலாம். இரும்பு மாத்திரை எடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்கள் நிறையப் பேர். அது உடல் எடுக்காத மீதி இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் பிரட்டினால் இரவு படுக்கப் போகும்போது எடுத்துப் பாருங்கள். அப்படியும் முடியாவிட்டால் ரின்னுக்குள் போடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வேறு வழி இருக்கும்.

அடுத்த சொல் கலோரி. இதை மெலிய விரும்பும் பட்டணத்துப் பெண்களின் சொல் என்று நினைத்திருப்பீர்கள். கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு, முழம், கொத்து என்பது போல. ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் 4. ஒரு கிராம் கொழுப்பு 9. சிறு பிள்ளையின் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ தடித்த தேங்காய்ப்பாலோ விடச் சொல்வது இதனால்தான். சின்ன வயிறு, கொஞ்ச உணவு, ஆனால் கூடிய சக்தி.

வயிறு நிறைவதும் உடல் நிறைவதும் ஒன்றல்ல என்பதை இடம்பெயர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று உலர் உணவு கிடைத்தது. பசி அடங்கியது. கீரையும் மீனும் பழமும் கண்ணில் காணக் கிடைக்காமல், வாய்ப்புண்ணும் களைப்புமாக இருந்ததைப் பல சகோதரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிறு நிறைந்திருக்க இரும்பு, அயடீன், விற்றமின் ஏ போன்றவை குறைந்திருப்பதை மறைபசி என்பார்கள். வெளியில் தெரியாத பசி என்பதால் அந்தப் பெயர். 2022இல் விலை ஏறியபோதும் இதுதான் பல வீடுகளில் நடந்தது. முதலில் முட்டை போனது, பிறகு மீன், பிறகு பால்மா. சோறும் சம்பலும் மிஞ்சின.

புரதம். சட்டம்பிமார் இதை வளர்ச்சிச்சத்து என்று படிப்பித்தார்கள். அதனால் இது பிள்ளைகளுக்கு மட்டும் தேவையானது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வளர்ச்சிக்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் புரதமே வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பராமரிக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். படுக்கைப்புண் ஆறுவதற்கு மருந்து கட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் எவ்வளவு அவசியமோ, அவருடைய தட்டில் புரதம் இருப்பதும் அவ்வளவு அவசியம். தோலும் தசையும் புரதத்தால்தான் மீண்டும் வளரும். காயம் ஆறவில்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே இருந்த ஒரு வீட்டில் அவருக்குக் கொடுத்தது காலையில் பாணும் தேத்தண்ணியும், இரவில் கஞ்சி. மருந்தில் பிழை இருக்கவில்லை. (சிறுநீரகம் பாதிக்கப்பட்டவராக இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டமுன் வைத்தியரைக் கேளுங்கள்.)

புரதம் என்றவுடன் இறைச்சியை நினைக்க வேண்டாம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். 100 கிராம் பருப்பில் 24 கிராம் அளவில். காய்ந்த நெத்தலியில் பாதிக்கு மேல் புரதம்தான். உப்பு அதிகம் என்பதால் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். முள்ளோடு மென்று தின்றால் கல்சியமும் கிடைக்கும். அந்தக் கல்சியத்துக்காகப் பால்மா விலை குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சோறும் பருப்பும் ஒன்றாகச் சாப்பிடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புரதம் அமினோ அமிலம் என்ற சிறு துண்டுகளால் ஆனது. அரிசியில் குறையும் துண்டு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. உழுந்தும் அரிசியும் சேர்ந்த தோசையும், பயறு போட்ட பொங்கலும் அதே கணக்குத்தான்.

தேங்காய்ப்பாலைப் பற்றி ஒன்று. பால் என்ற பெயர் இருப்பதால் பசுப்பாலுக்குப் பதிலாக அதைக் கொடுக்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். தேங்காய்ப்பாலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. சக்தி தரும். பாலில் உள்ள புரதமும் கல்சியமும் அதில் அவ்வளவு இல்லை. ரின்பாலும் அப்படித்தான், அதில் பாலைவிடச் சீனியே முன்னுக்கு நிற்கும். கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கவே கூடாது.

இனி நான் எழுதத் தயங்கும் சொல். மந்தபோசணை.

கிளினிக்கில் இந்தச் சொல்லைக் கேட்ட ஒரு தாய் அடுத்த மாதம் நிறை பார்க்கப் போகவில்லை. ஏன் என்று கேட்டபோது, "எல்லாருக்கும் முன்னால என்ர பிள்ளை மந்தம் எண்டு சொல்லிப்போட்டினம். நான் பிள்ளையைப் பட்டினி போடுறன் எண்டுதானே சனம் நினைக்கும்" என்றார். இந்தச் சொல்லில் உள்ள மந்தம் பிள்ளையின் அறிவைக் குறிப்பதல்ல. போசணை குறைந்திருக்கிறது என்பதே பொருள். அதை ஒரு வரிசைக்கு முன்னால் உரக்கச் சொல்லாமல் தாயை அருகில் இருத்திச் சொல்லலாம். சொல்லுகிறவர்களுக்கு வேலைப்பளு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தாய் ஒரு மாதம் வராமல் விட்டதில் நட்டப்பட்டது பிள்ளை.

மந்தபோசணைக்குள் மூன்று வேறு வேறு விடயங்கள் அடங்கும். வயதுக்கு ஏற்ற நிறை இல்லாதது நிறைக் குறைவு. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதது குட்டையாதல். உயரத்துக்கு ஏற்ற நிறை இல்லாதது மெலிவு. மெலிவு அண்மைக்காலப் பசியையோ நோயையோ காட்டும், வேகமாக வரும், கவனித்தால் வேகமாகத் திரும்பும், கவனிக்காவிட்டால் உயிராபத்து. முகாமில் பிள்ளையின் மேற்கையைச் சுற்றி நிறநாடா வைத்து அளந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். அது மெலிவைக் கண்டுபிடிக்கத்தான். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் உடனடியாகச் சிகிச்சை வேண்டும்.

குட்டையாதல் மெதுவாக வருவது. கருவில் இருக்கும் நாள் தொடக்கம் இரண்டு வயது முடியும்வரை, ஏறத்தாழ ஆயிரம் நாட்கள், போசணை தொடர்ந்து குறைந்தாலும் திரும்பத் திரும்ப வயிற்றோட்டம் வந்தாலும் உயரம் நின்றுவிடும். அந்தக் காலத்தில்தான் மூளையும் வேகமாக வளர்கிறது. "எங்கட ஆக்களே கட்டைதான் மிஸ்" என்று பலர் சொல்வார்கள். பரம்பரையும் ஒரு காரணம்தான். ஆனால் தாய் கட்டையாக இருப்பதற்குக் காரணமும் அவருடைய சிறுவயதுப் பசியாக இருக்கலாம் அல்லவா? போர்க் காலத்தில் பிறந்து, பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பெண் பிள்ளைகள்தான் இன்றைய தாய்மார். ஆயிரம் நாட்களுக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பி மனம் விடவேண்டாம். அந்த நாட்களில் செய்வது அதிகம் பலன் தரும், அவ்வளவுதான்.

பிள்ளையின் வளர்ச்சிப் புத்தகத்தில் உள்ள கோட்டை நீங்களே வாசிக்கலாம். கோடு எந்த நிறத்தில் நிற்கிறது என்பதைவிட எங்கே போகிறது என்று பாருங்கள். பச்சைக்குள் நின்றாலும் இரண்டு மாதமாக ஏறாமல் படுத்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். பச்சைக்குக் கீழே நின்றாலும் மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தால் நல்ல செய்தி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு கொடுக்கும் கஞ்சியோ சோறோ கரண்டியில் இருந்து தண்ணீர் போல வழிந்து ஓடக்கூடாது. நிற்க வேண்டும். தண்ணீர்க் கஞ்சியில் வயிறு நிறையும், கோடு ஏறாது.

திரிபோஷா என்ற சொல்லுக்கு மூன்று போசணை என்று பொருள். சக்தி, புரதம், மூன்றாவதாக விற்றமின்களும் கனியுப்புகளும். 1973 தொடக்கம் எங்கள் நாட்டில் கொடுக்கப்பட்டு வருகிறது. சோளமும் சோயாவும் அடிப்படை. 750 கிராம் பக்கெற் இரண்டு ஒரு மாதத்துக்கு என்றால், நாளுக்கு 50 கிராம் ஒரே ஆளுக்கு என்பது கணக்கு. அதை ஐந்து பிள்ளைகளுக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் ஒன்றும் தின்னாத கர்ப்பிணித் தாயிடம் என்ன சொல்வது? கண் முன்னால் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவது எந்தத் தாய்க்கும் இலகுவல்ல. நான் கண்டிக்க மாட்டேன். கூழ் காய்ச்சுகிற அன்று மற்றவர்களுக்கு உழுத்தமா, குரக்கன்மா, வறுத்த பயற்றம்மா என்று ஏதாவது செய்து, திரிபோஷாவை உரியவருக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். பயற்றம்மா உருண்டையும் குறைந்ததல்ல.

கடைச் சாமான்களின் வெளியில் உள்ள சொற்களில் கொஞ்சம் அவதானம் வேண்டும். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், பின்பக்கத்தில் இருப்பதுதான் தகவல். உட்பொருட்களை நிறையின் ஒழுங்கில் எழுதுவார்கள், எது கூடவோ அது முதலில். பிள்ளை உயரமாக வளரும் என்று படம் போட்ட மோல்ட் பானத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சீனி இருந்தால் நீங்கள் அதிக விலைக்கு வாங்குவது என்னவென்று தெரியும். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்றும் கணக்குப் பாருங்கள். 2016 தொடக்கம் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். பிள்ளைகளே அதை என்னைவிட விரைவாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

கொலஸ்ரரோல் இல்லை என்று எண்ணெய்ப் போத்தலில் போடுவது வேடிக்கை. கொலஸ்ரரோல் விலங்கு உணவில்தான் இருக்கும். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை. அதற்காக அளவில்லாமல் ஊற்றலாம் என்று பொருளல்ல. சீனி சேர்க்கப்படவில்லை என்பதும் சீனி இல்லை என்பதும் ஒன்றல்ல. பனங்கட்டியைப் பற்றியும் சொல்லாவிட்டால் எங்கள் பகுதியில் இந்தக் கட்டுரை முடியாது. பனங்கட்டியில் கொஞ்சம் கனியுப்புகள் இருப்பது உண்மை, ஆனாலும் அது சீனிதான். நீரிழிவு உள்ள அம்மாமார் "சீனி போடேல்லை, பனங்கட்டிதான் கடிச்சனான்" என்று இரண்டு துண்டு கடித்தால் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும்.

உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 தொடக்கம் சட்டம். கட்டியுப்பைக் கழுவிப் போட்டாலும், மூடாமல் அடுப்படியில் வைத்தாலும் அது குறைந்துவிடும். மூடி வையுங்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

இப்படி எழுதிக்கொண்டே போகலாம், இடம் போதாது. விற்றமின்கள் ஒவ்வொன்றையும் பற்றி இன்னொரு மாதம் பார்ப்போம். அதற்குள் உங்கள் கிளினிக் கொப்பியில் விளங்காத சொல் ஏதும் இருந்தால் எமக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டியதில்லை.

இதை எழுதி முடிக்கும் முன்னர் மீண்டும் அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டியிருந்தது. படலையடியில் மறித்த சகோதரி இம்முறை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தனக்கு ஊற்றவில்லை. மத்தியானம் சாப்பிட்டு அரை மணித்தியாலம்தானாம். பிஸ்கற் ரின்னில் இருந்த மாத்திரை முடிந்து, கிளினிக்கில் புதிதாக வாங்கியிருந்தார். கொப்பியை என்னிடம் தராமல் தானே விரித்து விரலை வைத்துக் காட்டினார். 9.4.

"பதினொண்டுக்கு இன்னும் கிடக்கு மிஸ்" என்றார்.